வாசற்படியும் வரப்பும்

நாட்டின் சரித்திரத்தை அரண்மனை வாயிலில் நின்று எழுதுவோர் உண்டு. போர்க்களத்தில் நின்று எழுதுவோரும் உண்டு. குடியானவனுடைய வாசற்படியில் நின்று எழுதினால் அச்சரித்திரம் எப்படி இருக்கும் என்பதை இன்று சிறிது எண்ணிப் பார்க்கலாம். சர்க்காரின் சேவகன் ஒருவன் வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே சோதனை போட வேண்டும் என்கிறான். அவனை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டுமா? அவன் கையில் என்ன தாள் இருத்தல் வேண்டும்? வீட்டினுள் நுழையாமல், வீட்டைச் சூழ்ந்த கொல்லையிலும் கழனியிலும் மட்டும் அவன் தேடிச் சென்றால் அதற்கும் ஒரு வரம்பு உண்டா? கேட்பதற்கு இவை சிறிய வினாக்கள். எனினும் இவற்றுக்கு விடை காண மனித சமுதாயம் நானூறு ஆண்டுகளுக்கு மேல் போராடி வந்திருக்கிறது. அப்போராட்டத்தின் மிகத் துயரமான அத்தியாயங்களுள் ஒன்று நம் தருமபுரி மாவட்டத்திலேயே நடந்தது. ஆகவே இதனை நாம் அறிந்திருப்பது கடமையாகும்.

முதலில் இங்கிலாந்துக்குச் செல்வோம். 1604ஆம் ஆண்டில் செமைன் என்பவருடைய வழக்கில் நீதிபதிகள் ஒரு கொள்கையை வகுத்தனர். ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டையாகும்; அரசனுடைய ஆணையுடன் வரும் அதிகாரியும், கதவை உடைக்கு முன்னர்த் தாம் வந்த காரியத்தை அறிவித்துக் கதவைத் திறக்குமாறு கேட்க வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம். அதிகாரி உள்ளே வரவே கூடாது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. வரும் முறை ஒன்று உண்டு என்றுதான் சொன்னார்கள். இந்த வேறுபாட்டை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாம் பேசப்போகும் செய்தி முழுவதும் இதனையே பற்றி நிற்கிறது.

ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் கழித்து, 1762ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜான் என்டிக் என்ற எழுத்தாளருடைய வீட்டினுள் மன்னரின் ஏவலர் நால்வர் புகுந்தனர். அவர் ஆசிரியத் தொழிலும் புரிந்தவர் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டு. அரசாங்கத்தைக் கண்டித்து எழுதினார் என்பதே அவர் மீது சாட்டப்பட்ட குற்றம். மந்திரி ஹாலிபாக்ஸ் பிரபு கையொப்பமிட்ட உத்தரவை வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் அவர்கள் பெட்டிகளைத் திறந்தார்கள், பூட்டுக்களை உடைத்தார்கள், கட்டுக்கட்டாகக் காகிதங்களை வாரிச் சென்றார்கள். என்டிக் வழக்குத் தொடுத்தார். 1765ஆம் ஆண்டில் நீதிபதி கேம்டன் பிரபு அளித்த தீர்ப்பு சரித்திரப் புகழ் பெற்றது. மந்திரி அளித்தது என்பதனால் மட்டும் ஓர் உத்தரவு செல்லுபடியாகாது. அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்த சட்டம் எது என்று காட்ட வேண்டும். காட்ட முடியவில்லையெனில் உள்ளே புகுந்தது அத்துமீறலே என்றார் அவர். அண்டை நிலத்துப் புல்லை மிதித்தாலும் அதற்குச் சட்டத்தில் நியாயம் காட்டியாக வேண்டும் என்பது அவர் கருத்து. வீட்டோடு நில்லாமல் புல்தரைக்கும் அவர் காவல் தேடினார் என்பதைக் கவனியுங்கள். ஜூரர்கள் என்டிக்குக்கு 300 பவுன் நஷ்டஈடு அளித்தனர்.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிலும் இந்தப் பூசல் மூண்டது. கள்ளக் கடத்தலைத் தடுப்பது என்ற பெயரில், எவர் வீட்டிலும் எப்பொழுது வேண்டுமாயினும் சோதனையிடப் பொது உத்தரவுகள் வழங்கப்பட்டன. 1761ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து நீதிமன்றத்தில் ஜேம்ஸ் ஓடிஸ் என்ற வழக்கறிஞர் அவற்றை எதிர்த்து வாதாடினார். வழக்கில் தோற்றார், ஆனால் அவருடைய வாதம் தோற்கவில்லை. 1791ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட நான்காவது திருத்தம், மக்களுடைய உடல், வீடு, காகிதம், உடைமை ஆகியவற்றை நியாயமற்ற சோதனையினின்றும் காத்தது. தக்க காரணம் காட்டி, எந்த இடத்தில் எந்தப் பொருளைத் தேடுவது என்று குறித்த பின்னரே வாரண்டு வழங்கலாம் என்று விதித்தது.

அத்திருத்தத்திலும் ஓர் இடைவெளி இருந்தது. வீடு என்று சொன்னது. வயல் என்று சொல்லவில்லை. 1924ஆம் ஆண்டில் ஒரு கள்ளச் சாராய வழக்கில், திறந்த வெளி நிலத்துக்கு இப்பாதுகாப்பு இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் நிலத்துக்கு வாயிலிட்டுப் பூட்டி, அத்துமீறி நுழையாதீர் என்று பலகை தொங்கவிட்டிருந்த ஒருவருடைய வழக்கிலும் 1984ஆம் ஆண்டில் அதே தீர்ப்புத்தான் கிடைத்தது. இவ்விரண்டுக்கும் இடையில், 1967ஆம் ஆண்டில், காக்கப்படுவோர் மனிதரேயன்றி இடங்களல்ல என்று அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியது. வாசற்படியோடு காவல் முடிந்துவிடுகிறதா, வரப்பு வரையில் செல்கிறதா என்ற வினா அந்நாட்டில் இன்னும் ஓயவில்லை.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் அந்தத் திருத்தம் உறுதி பெற்றதற்கு அடுத்த ஆண்டே, அஃதாவது 1792இல், ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியாரின் கைக்கு மாறியது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளே அந்தப் பாராமகால். காப்டன் அலெக்ஸாண்டர் ரீடு என்பவரும் அவருடைய துணைவராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்தனர். கழனி கழனியாக அளந்து, குடியானவன் ஒவ்வொருவனோடும் நேரே தீர்வை பேசி முடிக்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணிலேதான் உருப்பெற்றது. பிற்காலத்தில் சென்னைக் கவர்னராக விளங்கிய மன்றோ, 1799 வரையில் இப்பகுதியில் பணியாற்றினார்.

அம்முறை குடியானவனுக்குப் பட்டா என்னும் தாளைக் கொடுத்தது. இந்நிலம் இன்னாருடையது, இதற்கு இவ்வளவு தீர்வை என்று அது கூறும். ஆனால் அந்தத் தாளில் சர்க்காருக்கு உரிய கடமை எதுவும் எழுதப்படவில்லை. நிலத்தின் எல்லையை அளந்தவர்கள் அதிகாரத்தின் எல்லையை அளக்கவில்லை என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம். அதன் விளைவு யாது? 1854ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சித்திரவதைப் புகார்களை ஆராய ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. 1855இல் அது வெளியிட்ட அறிக்கையைப் படிப்போர் உள்ளம் நடுங்கும். தீர்வை வசூலிப்பதற்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும், கிட்டி போடுதல், அண்ணாந்தாள் பூட்டுதல் முதலிய கொடுமைகள் வழக்கமாக நடந்து வந்தன என்பதை அது வெளிப்படுத்தியது. வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்தமை இக்கேட்டுக்கு முக்கியக் காரணம் எனக் கண்டனர். 1859இல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1861இல் குற்ற விசாரணை முறைச் சட்டம் வந்தது. சோதனை போடுவதற்கு என்று எழுதி வைத்த ஒழுங்கு அப்பொழுதுதான் நாடு முழுவதற்கும் உண்டாயிற்று.

ஒரு பக்கம் ஒழுங்கு வளர, மற்றொரு பக்கம் அதிகாரமும் வளர்ந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மலைகளையும் காடுகளையும் காப்புக்காடுகளாக வரையறுக்க வழி செய்தது. தேன் எடுத்தும், சுள்ளி பொறுக்கியும், ஆடு மேய்த்தும், சாமை விதைத்தும் வாழ்ந்த மலைவாழ் மக்களுக்கு, தம் முன்னோர் நடந்த பாதையே ஒருநாள் குற்றத்துக்கு உரிய இடமாயிற்று. வனக் காவலருக்குப் பொருளைக் கைப்பற்றும் அதிகாரமும் ஆளைப் பிடிக்கும் அதிகாரமும் கிடைத்தன. சமவெளியில் உள்ளவனுக்குச் சோதனை என்பது என்றோ ஒருநாள் நேரும் நிகழ்ச்சி. மலையடிவாரத்தில் உள்ளவனுக்கு அது அன்றாட அச்சம்.

நாடு விடுதலை பெற்றது. அடிப்படை உரிமைகளை வகுக்க அரசியல் நிர்ணய சபை முனைந்தது. நியாயமற்ற சோதனையினின்றும் மக்களைக் காக்கும் உரிமை அரசியல் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் 1947இல் தாம் அளித்த குறிப்பில் வலியுறுத்தினார். கே. எம். முன்ஷியும் தமது நகலில் இல்லத்தின் பாதுகாப்பைச் சேர்த்திருந்தார். ஆனால் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்த பேரறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும், அரசியல் சட்ட ஆலோசகர் பி. என். ராவும் அதற்கு இசையவில்லை. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின்படி வாரண்டு இன்றியும் போலீஸார் சோதனையிட இடம் உண்டு. அரசியல் சட்டத்தில் தடை விதித்தால் குற்றங்களைத் துப்பறிவது கடினமாகிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடுதல் கூடாது. பிரிவினைக் கலவரங்களால் நாடு பற்றியெரிந்த காலம் அது.

1948 டிசம்பர் 3ஆம் தேதி காஜி கரீமுதீன் என்ற உறுப்பினர் மீண்டும் இதனைச் சபையின்முன் கொண்டுவந்தார். அம்பேத்கர் எழுந்து அத்திருத்தத்தை ஏற்கத் தாம் சித்தமாயிருப்பதாகக் கூறினார். இதில் உள்ளவை யாவும் ஏற்கெனவே சாதாரணச் சட்டத்தில் உள்ளவையே. ஆனாலும் வருங்காலச் சட்டசபைகள் அவற்றை அழித்துவிடக்கூடும். ஆகவே அவற்றின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நலம் என்பது அவர் கூறிய காரணம். எனினும் வாக்கெடுப்பு அன்று தள்ளிவைக்கப்பட்டது. சில நாட்களில் திருத்தம் தோல்வியுற்றது. நம் அரசியல் சட்டம் இந்த ஒரு வாசகம் இல்லாமலே 1950 ஜனவரி 26ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

அவ்வாசகம் இல்லாத குறை விரைவில் வெளிப்பட்டது. 1954ஆம் ஆண்டில் எம். பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அமெரிக்காவின் நான்காவது திருத்தம் போன்ற ஒன்றை நம் அரசியல் சட்டத்தை ஆக்கியோர் எழுதவில்லை. எழுதாத ஒன்றை நாம் பொருள் விரித்துப் புகுத்துவதற்கில்லை என்றனர். 1962ஆம் ஆண்டில் கரக் சிங் என்பவருடைய வழக்கு வந்தது. கொள்ளை வழக்கில் சாட்சியமின்றி விடுவிக்கப்பட்ட அவருடைய வீட்டுக் கதவை உத்தரப் பிரதேசப் போலீஸார் நள்ளிரவில் தட்டி எழுப்பி வந்தனர். அவ்வாறு இரவில் வீட்டுக்குச் செல்வது 21ஆவது ஷரத்து காக்கும் தனிமனித சுதந்தரத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் ரத்துச் செய்தது. ஆனால் அந்தரங்கம் என்பது தனியொரு அடிப்படை உரிமையன்று என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி சுப்பாராவ் மட்டும், நீதிபதி ஷாவுடன் சேர்ந்து, அதற்கு மாறாக, அந்தரங்கமும் சுதந்தரத்தின் இன்றியமையாத பகுதியே என்று எழுதிவைத்தார். சிறுபான்மைத் தீர்ப்பு பல சமயங்களில் வருங்காலத்துக்கு எழுதப்பட்ட கடிதமாகும்.

இந்த வரலாற்றையெல்லாம் நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு சமயம், "உன் வீடு உனக்குக் கோட்டை" என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, மலையடிவாரச் சிற்றூரிலிருந்து வந்து படித்த ஒரு மாணவன் எழுந்து நின்றான். "ஐயா, எங்கள் வீட்டுக்குக் கதவே கிடையாது, படல்தான். பூட்டும் இல்லை. வருகிறவர் எதைத் தட்டுவார்?" என்று கேட்டான். வகுப்பில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டை என்ற உவமையை உண்டாக்கியவர்கள் ஓக் மரக் கதவுடைய வீடுகளை மனத்தில் வைத்திருந்தார்கள். படல் சார்த்திய குடிசைக்கும், அதன் முன்னுள்ள களத்துக்கும், கேழ்வரகுக் கொல்லைக்கும் அந்த உவமை பொருந்துமா என்பதே அம்மாணவன் எழுப்பிய வினா. அதற்கு உரிய விடையை நம் மாவட்டத்தின் சரித்திரத்திலேயே தேட வேண்டும்.

அரூர் வட்டத்தில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி என்ற ஊர் உள்ளது. மலையாளி என்று வழங்கும் பழங்குடி மக்களே அங்குப் பெரும்பான்மையினர். சந்தன மரக் கடத்தல் அக்காலத்தில் இப்பகுதியெங்கும் பெரிய தொழிலாக நடந்து வந்தது. வீரப்பனைத் தேடும் வேட்டையும் மும்முரமாக இருந்தது. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறையினர் 155 பேர், போலீஸார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 பேர் அவ்வூரில் புகுந்தனர்.

நடந்ததை மிகச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊர் மக்கள் ஆலமரத்தடிக்கு இழுத்து வரப்பட்டு அடிக்கப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, பண்டபாத்திரங்கள் உடைக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன, குடிநீர்க் கிணறும் கெடுக்கப்பட்டது. பதுக்கிய கட்டைகளைக் காட்ட வேண்டும் என்று சொல்லி ஏரிப்பக்கம் அழைத்துச் செல்லப்பட்ட 18 பெண்கள், அவர்களுள் சிறுமியரும் இருந்தனர், பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பிடித்துச் செல்லப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர். மற்றவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தனர். ஊர் வெறிச்சோடியது.

அன்று சட்டம் இல்லாமல் போயிற்றா? இல்லை, இருந்தது. 1973ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன் 165ஆவது பிரிவு, வாரண்டு இன்றிச் சோதனையிடும் போலீஸ் அதிகாரி அதற்கான காரணங்களை முன்கூட்டியே எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றது. 100ஆவது பிரிவு, அந்த வட்டாரத்திலுள்ள மதிப்புக்குரிய இருவரையேனும் சாட்சிகளாக அழைக்க வேண்டும் என்றது; கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும் என்றது; வீட்டில் குடியிருப்பவர் உடனிருந்து பார்க்க அனுமதித்து, பட்டியலின் நகலை அவருக்குத் தர வேண்டும் என்றது; பெண்ணைச் சோதிக்க வேண்டுமாயின் மற்றொரு பெண்ணே கண்ணியம் பிறழாமல் சோதிக்க வேண்டும் என்றது. இடம் என்ற சொல்லுக்குப் பொருள் கூறும்போது, வீடு, கட்டடம் ஆகியவற்றோடு கூடாரத்தையும், வாகனத்தையும், மரக்கலத்தையுங்கூட அச்சட்டம் சேர்த்துக்கொண்டது. கூடாரத்துக்குக் கதவு ஏது? ஆகவே படல் வீட்டுக்கும் சட்டத்தின் காவல் உண்டு. என் மாணவனுடைய வினாவுக்குச் சட்டம் அளிக்கும் விடை இதுவே.

விடை ஏட்டில் இருந்தது; ஊருக்குள் வரவில்லை. எழுதிய காரணம், உள்ளூர்ச் சாட்சி, பொருட்பட்டியல், நகல், பெண்ணுக்குப் பெண் என்ற இவ்வைந்தும் வெறும் காகிதச் சடங்குகள் என்று எண்ணுவோர் உண்டு. வாச்சாத்தி அந்த எண்ணத்தை மறுக்கிறது. காரணத்தை எழுதி வைக்க வேண்டியவன் தானே ஒருமுறை யோசிப்பான். சாட்சியின்முன் நிற்பவன் கையை ஓங்கத் தயங்குவான். பட்டியல் எழுதுபவன் பட்டியலில் இல்லாததைத் தொட அஞ்சுவான். இச்சடங்குகள் மறைந்த இடத்தில் சோதனை என்ற சொல் மட்டும் மிஞ்சி, அதன் பெயரால் சூறையாடல் நடந்தது.

நீதி வந்த வழி நெடியது. மலைவாழ் மக்கள் சங்கத்தினர் அவ்வூருக்குச் சென்று நடந்ததை வெளியுலகுக்கு அறிவித்தனர். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தை அணுகினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி நேரில் விசாரித்து அறிக்கை அளித்தார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 பேர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. ஆண்டுகள் உருண்டன. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது குற்றம் சாட்டப்பட்டவர்களுள் 54 பேர் இறந்து போயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்பட்டனர். அவர்களுள் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். ஒருவர்கூட விடுதலையாகவில்லை.

மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்குச் சென்று இடத்தைப் பார்வையிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் தேதி, கீழ்நீதிமன்றத் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த நாளில், மேல்முறையீடுகளைத் தள்ளித் தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்ச ரூபாய் நஷ்டஈடு வழங்க வேண்டும் என்றும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். அக்காலத்தில் மாவட்டத்தின் உயர் பொறுப்புக்களில் இருந்த கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, மாவட்ட வன அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு கூறினார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும் புள்ளிகளையும் மறைப்பதற்காகவே எளிய மக்கள் மீது இக்கொடுமை ஏவப்பட்டது என்பது அத்தீர்ப்பின் முடிவு. என்டிக்குக்கு மூன்று ஆண்டுகளில் கிடைத்த நீதி, வாச்சாத்திப் பெண்களுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. ஆனால் என்டிக் எழுதப் படிக்கத் தெரிந்தவர், நண்பர்கள் உடையவர். இப்பெண்களோ கையில் தாள் ஏதும் இல்லாதவர்கள். நீதிமன்றத்தில் மாறாமல் நின்று, குற்றவாளிகளை அடையாளம் காட்டியது அவர்களுடைய மன உறுதியே. சரித்திரப் புத்தகத்தில் ஓடிஸ், கேம்டன் முதலியோருக்குப் பக்கம் ஒதுக்கும் நாம், இவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதற்கிடையே அரசியல் சட்டத்தின் பொருளும் வளர்ந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அந்தரங்கம் அடிப்படை உரிமையே. அது 21ஆவது ஷரத்திலும் மற்ற சுதந்தரங்களிலும் அடங்கியுள்ளது என்றனர். 1954, 1962ஆம் ஆண்டுகளின் தீர்ப்புக்கள் இதற்கு மாறாகக் கூறிய அளவில் இனிச் செல்லா என்றனர். 1948இல் தோற்ற கரீமுதீனின் எண்ணமும், 1962இல் சிறுபான்மையில் நின்ற சுப்பாராவின் எழுத்தும் இவ்வாறு வெற்றி கண்டன. அரசாங்கம் இவ்வுரிமையில் தலையிட வேண்டுமாயின் அதற்குச் சட்டம் ஒன்று இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். கையாளும் வழி நோக்கத்தின் அளவை மீறாமல் இருக்க வேண்டும். இம்மூன்றும் இன்று நம்முடைய அளவுகோல்கள். அந்தரங்கம் இடத்தைப் பற்றியதன்று, ஆளைப் பற்றியது என்ற கருத்தையும் நம் நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. ஆதலால் வாசற்படியைத் தாண்டிக் களத்தில் நிற்பதனால் மட்டும் ஒருவன் தன் உரிமையை இழப்பதில்லை என்று வாதிக்க இடம் உண்டு. வரப்பு வரையில் அக்காவல் எவ்வளவு செல்லும் என்பதை வருங்கால வழக்குகளே முடிவு செய்ய வேண்டும்.

2024 ஜூலை 1ஆம் தேதி முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. பழைய 100, 165ஆம் பிரிவுகள் அதில் 103, 185ஆம் பிரிவுகளாக உள்ளன. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 105ஆவது பிரிவு புதிதாக விதிக்கிறது. சாட்சிகள் இருவரோடு இயந்திரமும் ஒரு சாட்சியாக வந்து நிற்கிறது.

ஆனாலும் ஒரு குறை உண்டு என்பதை மறைக்கலாகாது. முறை தவறிய சோதனையில் கிடைத்த பொருளைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்பது அமெரிக்க நீதிமன்றங்களின் பொதுவான கொள்கை. நம் உச்ச நீதிமன்றமோ, பூரண்மல் வழக்கில் 1973ஆம் ஆண்டில், சோதனையில் சட்டப் பிழை இருந்தாலும் கிடைத்த சாட்சியம் அதனால் மட்டும் தள்ளுபடியாகாது என்றது. ஆகவே வரம்பு மீறிய அதிகாரியின் உழைப்பு வீணாவதில்லை. வரம்புக்குள் அவரை நிறுத்துவதற்கு உள்ளவை, பின்னால் தொடுக்கும் வழக்கும் முன்னால் நிற்கும் மக்களின் விழிப்புமே.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுதல் முறை. காட்டைக் காப்பது சர்க்காரின் கடமை. சந்தன மரம் பொதுச் செல்வம்; அதனை வெட்டிக் கடத்தியவர்கள் நம் மலைகளை மொட்டையடித்தார்கள். கடத்தலைத் தடுக்க முயன்ற நேர்மையான அதிகாரிகள் பலர் உயிரையே இழந்தார்கள். சோதனையே கூடாது என்று சொல்பவன் திருடனுக்கு வேலியமைத்துக் கொடுக்கிறான். நாம் கேட்பது அதுவன்று. அதிகாரி சட்டத்தோடு வரட்டும், பகலில் வரட்டும், காரணத்தை எழுதிக்கொண்டு வரட்டும், அண்டை வீட்டார் இருவர் பார்க்க வரட்டும். அவ்வாறு வருபவருக்கு வழிவிடுவது குடிமகனின் கடமை. அவ்வாறன்றி வருபவரை, காரணம் யாது என்று அமைதியாகக் கேட்பது அவனுடைய உரிமை.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை வழக்கறிஞர் ஆவீர்கள். சிலர் காக்கி உடை அணிவீர்கள். சிலர் வனச்சரகராகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ பொறுப்பேற்பீர்கள். பலர் உங்கள் தந்தையாரின் நிலத்தையே உழுவீர்கள். எங்கிருந்தாலும் இந்த ஐந்து சொற்களை மறவாதீர்கள்: காரணம், சாட்சி, பட்டியல், நகல், கண்ணியம். இவற்றை வீட்டுக்காரன் அறிந்திருந்தால் அச்சம் குறையும். அதிகாரி அறிந்திருந்தால் பழி குறையும். உங்கள் ஊரில் எழுத்தறியாத முதியவர் எவரேனும் இருப்பின் ஒரு மாலை வேளையில் அவர் அருகில் அமர்ந்து இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். பட்டா எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை அவர் அறிவார். அப்பட்டாவில் எழுதப்படாத உரிமையும் தமக்கு உண்டு என்பதை உங்கள் வாயால் அவர் அறிந்துகொள்ளட்டும்.